'நிலம்' என்று எழுதியிருந்ததை நான் நிலம் என்றே படித்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் மனை–வீடு பக்கத்தில், அடுத்த பத்தாண்டில் நிலத்தில் பணம் போட ஏற்ற ஊர்கள் எவை என்று, கஞ்சிக்கோடு, ஓசூர், கொச்சி எல்லாம் சொல்லி ஒரு கட்டுரை வந்திருந்தது. காலை ஏழு மணிக்கே என் அக்கா மகன் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். "சித்தி, இதுல எந்த ஊருக்குப் போலாம்? நீங்க சொல்றதுதான்" என்று கீழே எழுதியிருந்தான். வயது 27. கோவையில் ஒரு கம்பெனியில் வேலை. ஐந்து வருஷமாகச் சேர்த்ததில் 18 லட்சம் வைத்திருக்கிறான். இடம் வாங்குவது, வீடு கட்டி வாடகைக்கு விடுவது, இதையே தன் தொழிலாக வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. அவனைப் போல நினைக்கிற பிள்ளைகள் எங்கள் கேரள–தமிழ்நாடு எல்லைப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்காரி. படித்தது தமிழ் மீடியம். வீட்டு முன்னறையில் ஒரு மிஷினோடு ஆரம்பித்த தையல் கடை எட்டு மிஷின் வரை வளர்ந்தது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். 2012-இல் முதல் இடம் வாங்கினேன், 2015-இல் இரண்டாவது. ஒன்று பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஊர் வளர்ந்ததோ வளராததோ அல்ல. தங்கள் கட்டுரை விட்டுவிட்ட விஷயம் அதுதான்.

முதலில் பிழைக்காததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில், ரோட்டை ஒட்டி 22 சென்ட். சென்ட் 45,000 ரூபாய். பார்க்கப் போனது மார்ச் மாதம். தரை வெடித்துக் கிடந்தது, ஓரமாக நாலு பனைமரம், நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "எட்டு ரூம் கட்டி விடுங்கம்மா, கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போற ஆளுங்க வரிசையில நிப்பாங்க" என்றார் புரோக்கர். கஞ்சிக்கோடு எங்கள் மாவட்டத்துத் தொழிற்பேட்டை. பழைய ஆதாரத்தைக் கையில் கொடுத்தார். தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்கிறேன்: கேரளத்தில் ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம். மலையாளம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். அளவு 8 ஆர் 90 சதுர மீட்டர் (ஒரு ஆர் என்றால் 100 சதுர மீட்டர்). 22 சென்டுக்குச் சரியாக இருந்தது. நான்கு எல்லையும் சரி. அதன் பக்கத்தில் 'நிலம்' என்று எழுதியிருந்தது. நிலத்தை நிலம் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவார்கள் என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பதிவு முடிந்து, கட்டட அனுமதிக்காகக் கரம், அதாவது நில வரி, கட்டிய ரசீதோடு போனபோதுதான் வில்லேஜ் ஆபீஸில் பதிவேட்டைத் திருப்பி அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினார்கள். கேரளத்துக் காகிதத்தில் 'நிலம்' என்றால் நெல் வயல். வீடு கட்டத் தக்க மேட்டு இடத்தைப் 'புரயிடம்' என்று எழுதுவார்கள். நம் தமிழில் நிலம் என்றால் எல்லாம் அடங்கும். அங்கே அதற்கு ஒரே ஒரு பொருள்தான். நான் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் படித்தேன், தப்பாகப் புரிந்துகொண்டேன்.

2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் பற்றி அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் டேட்டா பேங்க் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வயல் என்று ஏறிவிட்டால் மண் போட்டு மூட முடியாது. தப்பாக ஏறியிருந்தால் நீக்கச் சொல்லி ஐந்தாம் நம்பர் ஃபாரம் கொடுக்கலாம். கிருஷி பவன் என்கிற வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்து பார்ப்பார்கள், 2008-இல் எடுத்த செயற்கைக்கோள் படத்தை வைத்தும் ஒப்பிடுவார்கள். பட்டியலில் இல்லாமல், வில்லேஜ் பதிவேட்டில் மட்டும் 'நிலம்' என்று இருந்தால் ஆறாம் நம்பர் ஃபாரம். 25 சென்டுக்கு மேல் போனால் அந்த இடத்துக்கு அரசு குறித்த 'நியாய விலை'யில் நூற்றுக்குப் பத்து கட்டணம். என் 22 சென்ட் பட்டியலிலேயே இருந்தது. ஃபாரம் கொடுத்தேன், தள்ளிவிட்டார்கள். வாய்க்கால் தண்ணீர் பாய்கிறது, படத்தில் பயிர் தெரிகிறது என்று காரணம் எழுதியிருந்தார்கள். வேறு வீடு இல்லாதவர் பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை வயலில் வீடு கட்டிக்கொள்ள வழி உண்டு. எனக்குத்தான் வீடு இருக்கிறதே.

அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஆளியாறிலிருந்து வருகிற தண்ணீரை நம்பி வாழ்கிற தாலுகா எங்களுடையது. தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. எங்கள் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வர வேண்டும். அது வருமா வராதா என்று வருஷா வருஷம் சண்டை. அந்தத் தண்ணீர் பாய்கிற வயலை மூடி ரூம் கட்ட நினைத்தவள் நான். சட்டம் என்னைத் தடுத்தது சரி. எனக்கு ஆறாதது, அந்த ஒரு சொல்லின் அர்த்தத்தை வாங்குவதற்கு முன் எனக்கு யாருமே சொல்லவில்லை என்பதுதான்.

இரண்டாவது இடம் மலுமிச்சம்பட்டிப் பக்கம், ஐந்தரை சென்ட். அங்கே எப்படிப் போனேன் என்றால், தையலுக்கு நூல், பட்டன் வாங்க வாரம் ஒரு முறை வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போவேன். உக்கடத்தில் இறங்கினால் எந்தப் பக்கமும் பஸ் கிடைக்கும். வீட்டிலிருந்து புறப்பட்டு, இடத்தைப் பார்த்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவிடலாம். நான்கு மாதம் வாங்காமல் வெறுமனே போய்ப் பார்த்தேன். காலை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள், மழையில் ஒரு நாள். என் கண் போனது துணி காயப்போடுகிற கொடிகளின் மேல்தான். ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு நீல யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது, நாலைந்து கம்பெனிப் பேர் போட்டது. அடுத்த தெருவில் கல் நட்டு, ரோடு போட்டு, கேட்டுக்கு கேட்டு 'விற்பனைக்கு' போர்டு. ஒரு கொடியிலும் துணி இல்லை. சென்டுக்கு 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து முதல் தெருவில் வாங்கினேன்.

அங்கே ஒரே வரிசையில் ஒட்டினாற்போல் ஆறு லைன் வீடு கட்டினேன். இடம், கட்டடம், போர், மீட்டர் எல்லாம் சேர்த்து 33 லட்சம். பாதி நகைக் கடனும் வங்கிக் கடனும். ஆரம்பத்தில் வாடகை 3,200, இப்போது 4,500. ஆறு வீட்டுக்கும் மாதம் 27,000. காலியாகக் கிடக்கிற மாதம், வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், வரி எல்லாம் கழித்தால் போட்ட பணத்துக்கு நூற்றுக்கு எட்டு நிற்கிறது. இதே பணத்துக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கியிருந்தால் அதில் பாதிகூட வந்திருக்காது. இடத்தின் விலை ஏறியதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. விற்றால்தான் அது பணம்.

அதிலும் ஒரு கண்டம் வந்தது. நான் வாங்கியது அனுமதி இல்லாத மனைப்பிரிவு. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உத்தரவிட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரமான மனைகளை வரன்முறைப்படுத்தலாம் என்றார்கள். என் பத்திரம் 2015. ஐந்து முறை நேரில் போய் முடித்தேன். ஐந்து முறையும் நானே போனேன், ஏனென்றால் ஊர் பஸ் தூரத்தில் இருந்தது, காகிதம் தமிழில் இருந்தது. இதே சிக்கல் எனக்கு இருநூறு கிலோமீட்டர் தள்ளி வந்திருந்தால் அந்த மனையை வந்த விலைக்குத் தள்ளியிருப்பேன்.

அதனால் என் அக்கா மகனிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, அந்த ஊர் எவ்வளவு வளரும் என்பதல்ல. அந்த ஊர்க் காகிதத்தை உன்னால் படிக்க முடியுமா? தாலுகா ஆபீஸில் காலை பத்து மணிக்கு உன்னால் போய் நிற்க முடியுமா? தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம், வில்லங்கம் இவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். வில்லங்கத்தைப் பார்க்கக் காசுகூட இல்லை. கேரளத்தில் அதே வேலைக்குச் சொற்களே வேறு. வில்லங்கம் அங்கே குடிக்கிட சர்ட்டிபிகேட். பட்டா மாறுதல் அங்கே போக்குவரவு. முதல் தடவை கேட்டபோது பஸ் போக்குவரத்துக்கு என்னிடம் எதற்குக் காகிதம் கேட்கிறார்கள் என்று முழித்தேன். தண்டப்பேர் என்றால் உங்கள் பேரில் ஏறிய கணக்கு எண். இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளலாம், கஷ்டமில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் கற்க வேண்டும்.

இப்போது தங்கள் கட்டுரை சொன்ன ஊர்களுக்கு வருகிறேன்.

கஞ்சிக்கோடு, பாலக்காட்டுப் புதுசேரிப் பக்கம். 2024 ஆகஸ்ட் 28-இல் மத்திய அமைச்சரவை பாலக்காடு தொழில் நகரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். மறுவாரமே எங்கள் ஊர் மின்கம்பங்களில் மனை விளம்பரம் தொங்கியது. தொழிற்சாலை வரும், வேலை வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அறிவிப்பு வந்த அன்றே விற்பவர் விலையை ஏற்றிவிட்டார். வாங்குகிறவர் பத்து வருஷத்து வளர்ச்சிக்கு இன்றைக்கே பணம் கட்டுகிறார். அந்தப் பக்கம் நிறைய இடம் காகிதத்தில் 'நிலம்'. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

ஓசூர். 2024 ஜூன் 27-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று அறிவித்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து விளம்பரம் எல்லாவற்றிலும் விமானப் படம். பெங்களூரு விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையத்துக்குத் தடை இருக்கிறது. அதைத் தளர்த்தினால்தான் அதற்கு முன் நடக்கும். இன்னொன்றும் இருக்கிறது. அரசு திட்டத்துக்கு 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி முதல் அறிவிக்கை வந்துவிட்டால், முடியும் வரை அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கு மேல் எடுக்கிற வேலை 2010-இல் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. வீட்டை விற்கவும் முடியாமல், மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கவும் முடியாமல் இருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த அம்மா என் கடைக்குத் துணி தைக்க வருவார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்குவது வேறு, விமான நிலையத்துக்குள்ளேயே வாங்கிவிடுவது வேறு.

ஆனாலும் ஓசூரை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விமானத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, ஐம்பது வருஷமாக ஆள் வேலைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். கொடியில் துணி காயும்.

கொச்சியைப் பற்றி நீளமாக எழுத எனக்குத் தகுதி இல்லை. என் கையில் இருக்கிற பணத்துக்கு அது ஊரே அல்ல. அதை ஒட்டிய மரடு மட்டும் நினைவுக்கு வருகிறது. அங்கிருந்த அடுக்குமாடிகள் கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் கட்டியவை என்று 2019 மே 8-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களை வெடிவைத்து இறக்கினார்கள். அதில் குடியிருந்தவர்களிடம் பத்திரம் இருந்தது, வரி ரசீது இருந்தது, வங்கிக் கடன்கூட இருந்தது. இடைக்கால இழப்பீடாக வீட்டுக்கு 25 லட்சம் என்று நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு டி.வி.யில் அந்தத் தூசி மேலே எழும்பியதைப் பார்த்தபோது, என் 22 சென்ட் ஏமாற்றம் சின்னது என்று தோன்றியது. வங்கி கடன் கொடுத்தது என்பதற்காக எந்தக் காகிதமும் சுத்தமாகிவிடாது.

செலவுக் கணக்கையும் பிள்ளைகள் பார்ப்பதில்லை. கேரளத்தில் முத்திரைத்தாள் 8, பதிவு 2, ஆக நூற்றுக்குப் பத்து. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து முத்திரை 7, பதிவு 2. புரோக்கர் கமிஷன், பத்திரம் எழுதுகிற செலவு தனி. வாங்கிக் கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போதே பத்து, பன்னிரண்டு சதவீதம் போய்விடுகிறது. இரண்டு வருஷத்தில் விற்று லாபம் பார்க்கலாம் என்று சொல்கிறவர்கள் இதைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. என் அக்காவின் பெயரில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். கட்டணம் குறைகிறது என்பதற்காக மட்டும் அல்ல. நாற்பது வருஷம் மில்லுக்குப் போனவள் பேரில் ஒரு சென்ட் இடம் இல்லை.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, எந்த ஊர் வளரும் என்று வாராவாரம் எழுதுகிற பக்கத்தில், அந்த ஊரின் காகிதத்தை எப்படிப் படிப்பது என்றும் ஒரு வாரம் எழுதுங்கள். எல்லையில் இருக்கிற எங்களுக்கு இரண்டு மாநிலத்துக் காகிதமும் வேண்டும். ஒரு மாதிரி ஆதாரத்தைப் படம் போட்டு, எந்த வரியில் 'நிலம்' வரும், எந்த வரியில் 'புரயிடம்' வரும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினால் போதும். என் தையல் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு இடத்துப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு, கேரள அரசின் காதுக்கு எட்டும்படி இதைத் தாங்கள் எழுத வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தர வேண்டும் என்று சொல்கிறது. நான் ஐந்தாம் நம்பர் ஃபாரம் கொடுத்தபோது தமிழில் ஒரு ஃபாரம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. விண்ணப்பத்தைத் தள்ளிய உத்தரவும் மலையாளத்தில்தான் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லித்தான் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். சித்தூர் தாலுகாவின் வில்லேஜ் ஆபீஸ்களில் நில வகை, கரம், டேட்டா பேங்க் சம்பந்தப்பட்ட ஃபாரங்களும் பதிவேட்டு நகல்களும் தமிழிலும் கிடைக்க வேண்டும். சலுகையாக இதைக் கேட்கவில்லை. சட்டப் புத்தகத்தில் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன பதில்: ஓசூருக்குப் போ, ஆனால் 18 லட்சத்தை வங்கியிலேயே விட்டுவிட்டுப் போ. ஆறு மாதம் ஏதாவது லைன் வீட்டில் வாடகைக்கு இரு. வீட்டு ஓனர் எவ்வளவு வாடகை வாங்குகிறார், தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, காலி செய்கிறவர் ஏன் காலி செய்கிறார் என்று பார். கம்பெனியில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டிருக்கிறான். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி போகிறான். சமையல் சாமானுக்கு நானே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என் 22 சென்டைப் பக்கத்து வயல்காரருக்குப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டிருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு மூட்டை அரிசி கொடுக்கிறார். இந்தத் தடவை வாய்க்காலில் தண்ணீர் சரியாக வந்தது. நடவு முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.